வாப்பாவின் பெட்டியில் பழைய ரெவின்யூ ஸ்டாம்புகள்: உரித்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

வீட்டில் ஒரு பெரியவர் மவுத்தாகிச் சில வாரங்கள் கழிந்ததும் அவருடைய டிரங்குப் பெட்டி திறக்கப்படுகிறது. பழைய ரசீதுகள், புரோநோட்டுகள், கடைக் கணக்குகள், பத்திர நகல்கள் வெளியே வருகின்றன. அவற்றில் ராஜா தலை போட்ட சிறிய ஸ்டாம்புகள் ஒட்டியிருக்கும். "இது லட்சக்கணக்கில் போகுமாமே" என்று பிள்ளைகளில் ஒருவர் கைபேசியில் தேடத் தொடங்குவார்.

அண்மையில் ஒரு குடும்பத்தார் இப்படிப்பட்ட தாள்களை நம்மிடம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே வீட்டுப் பிள்ளைகள் ஸ்டாம்புகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, சில நூறு ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். எஞ்சிய தாள்களில் மலாயாவில் எழுதிய புரோநோட்டு ஒன்றும் இருந்தது. தொகையும் தேதியும் தெரிந்தன. ஆனால் கையெழுத்து ஸ்டாம்பின் மேல் போடப்பட்டிருந்ததால், ஸ்டாம்போடு அதுவும் போய்விட்டது. கடன் வாங்கியவர் அவர்களுடைய பாட்டனாரா, அல்லது அவரிடம் வேறு யாரும் வாங்கினார்களா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

இந்த நிலை வேறு குடும்பங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ரெவின்யூ ஸ்டாம்பு என்பது என்ன?

தபால்தலை கடிதம் கொண்டுசெல்வதற்கான கட்டணம். ரெவின்யூ ஸ்டாம்பு அரசுக்குச் செலுத்திய வரியின் அடையாளம். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், 20 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் 1 அணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்றது. இன்று 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு 1 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டுகிறோம்.

ஒட்டிய ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி செல்லாததாக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போடுவது இதனால்தான். எனவே பேனாக் கோடு விழுந்த ஸ்டாம்பு கெட்டுப்போன ஸ்டாம்பு அல்ல. அது தன் வேலையைச் செய்த ஸ்டாம்பு.

நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை:

1. ரசீதிலும் புரோநோட்டிலும் ஒட்டப்பட்ட சிறு ஸ்டாம்பு. 1906 முதல் இந்தியாவில் அரை அணா, 1 அணா தபால்தலைகளில் "போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ" என்று அச்சிட்டார்கள். கடிதத்துக்கும் ரசீதுக்கும் அதே ஸ்டாம்புதான்.

2. கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. வழக்கு மனுக்களில் இருக்கும். இதில் ராஜாவின் தலை இருக்கும் இடத்தில் ஓட்டை இருந்தால் பூச்சி அரித்தது என்று எண்ண வேண்டாம். 1870ஆம் ஆண்டின் கோர்ட் கட்டணச் சட்டப்படி, தலைப்பகுதியைத் துளையிட்டே அதைச் செல்லாததாக்கினார்கள்.

3. முத்திரைத் தாள். கிரயம், குத்தகை, உண்டியல் ஆகியவற்றுக்காகத் தாளிலேயே முத்திரை அச்சிட்டு வந்தவை. இவற்றை ஒருபோதும் வெட்டக்கூடாது.

காலத்தை எப்படி அறிவது?

தாளில் தேதி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் ஸ்டாம்பில் உள்ள முகத்தைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1901க்கு முந்தைய காலத்து அச்சு. ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரையும், ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரையும், ஆறாம் ஜார்ஜ் 1936 முதலும் ஆண்டார்கள். அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியது.

நாணயமும் காலம் சொல்லும். இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1. "அணா" என்றிருந்தால் அதற்கு முந்திய அச்சு. "நயா பைசா" என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட அச்சு. ஆனால் பழைய இருப்பைப் பிறகும் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே ஸ்டாம்பு அதற்கு முன் இந்தத் தாள் எழுதப்படவில்லை என்பதையே உறுதியாகச் சொல்லும்.

எந்த நாட்டுடையது?

நம் முன்னோர் பலர் சபுராளிகள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். அந்த ஊர்களின் ஸ்டாம்புகளும் பெட்டியில் இருக்கும்.

பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்திய ரங்கூன் தாள்களில் இந்திய ஸ்டாம்பே இருக்கும். பிரிந்தபோது இந்திய ஸ்டாம்பின் மேல் "பர்மா" என்று அச்சிட்டு வெளியிட்டார்கள்.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை "ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்" என்ற பெயரில் சென்ட், டாலர் கணக்கில் ஸ்டாம்பு வெளியிட்டன. அங்கும் தபாலுக்கும் வரிக்கும் ஒரே ஸ்டாம்பு. ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 500 டாலர் ஸ்டாம்பு வரை இருந்தது.

மலாயா ஸ்டாம்பின் மேல் "2602" என்ற எண்ணைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். அது ஜப்பானியர் ஆட்சிக் காலத்து மேலச்சு. ஜப்பானிய அரச ஆண்டு கிறிஸ்தவ ஆண்டைவிட 660 கூடுதல். 2602 என்றால் 1942. இந்த மேலச்சுகளில் போலிகள் நிறைய உண்டு. தாளோடு, தேதியோடு, கையெழுத்தோடு இருந்தால் மட்டுமே நம்பகம் கூடும்.

இலங்கை 1872 முதலே ரூபாய், சென்ட் கணக்குக்கு மாறிவிட்டது. அரபு எழுத்து இருப்பதால் அரபு நாட்டு ஸ்டாம்பு என்று முடிவு செய்யாதீர்கள். ஹைதராபாத் நிஜாம் அரசின் ஸ்டாம்பாகவும் இருக்கலாம். திருவிதாங்கூர் ஸ்டாம்பைச் சங்குச் சின்னத்தால் அறியலாம்.

உண்மையில் எவ்வளவு போகும்?

நேராகச் சொல்வதென்றால், பெரும்பாலானவை அதிகம் போகாது. ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்து 1 அணா ஸ்டாம்பு ஊரெங்கும் எல்லாக் கடைகளிலும் பயன்பட்டது. தனி ஸ்டாம்பாக அதற்குச் சில ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பழையது என்பதால் மட்டும் விலை ஏறுவதில்லை. அரிதாக இருக்க வேண்டும், வாங்க ஆள் இருக்க வேண்டும், நல்ல நிலையிலும் இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. உயர்ந்த டாலர் மதிப்புள்ள ஸ்டாம்புக்கு விலைப்பட்டியலில் காணும் பெரிய தொகை, தபால் முத்திரை விழுந்ததற்கோ பயன்படுத்தாததற்கோ உரியது. பேனாக் கையெழுத்து விழுந்த அதே ஸ்டாம்பு அதைவிட மிகக் குறைவாகவே போகும். இதை அறியாமல்தான் லட்சக் கனவு காண்கிறோம்.

விலை கூடக்கூடியவை: சமஸ்தான ஸ்டாம்புகள், விக்டோரியா காலத்து உயர் மதிப்புகள், பர்மா, மலாயா போர்க்காலத் தாள்கள், கடைப் பெயர் அச்சிட்ட முழு ரசீதுகள். பல சமயம் உரித்த ஸ்டாம்பைவிட ஸ்டாம்போடு கூடிய முழுத் தாளே சேகரிப்பாளருக்குப் பெரிது.

ஒப்பிட நூல்கள் உண்டு. சமஸ்தான ஸ்டாம்புகளுக்கு கோப்பல், மேனர்ஸ் இருவரும் 1983இல் தொகுத்த பட்டியலையும், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு பேர்ஃபுட் பட்டியலையும் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பட்டியல் விலை வேறு, கைக்கு வரும் விலை வேறு. தொடர்பில்லாத இருவரிடமாவது விலை கேளுங்கள். ஏலத் தளத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

முதலில் தாளைப் படியுங்கள்

ஸ்டாம்பு பத்து ரூபாய் பெறலாம். அது ஒட்டிய தாள் ஒரு மனிதரின் ஹக்காக இருக்கலாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பது பற்றியது. நம் முன்னோர் அதன்படி எழுதி வைத்ததே அந்தத் தாள்.

புரோநோட்டைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. கடன் கொடுத்தவர் கையில்தான் புரோநோட்டு இருக்கும்; கடன் அடைந்ததும் எழுதிக் கொடுத்தவருக்கே திரும்பி வரும். எனவே பாட்டனார் பெட்டியில் உள்ள நோட்டில் பாட்டனாரின் கையெழுத்தே இருந்தால், அவர் அடைத்துத் திரும்பப் பெற்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வேறொருவர் கையெழுத்து இருந்தால், அது அவருக்கு வரவேண்டிய கடனாக இருக்கலாம். பின்புறம் பகுதி பகுதியாக வரவு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனையும் ஸ்டாம்பின் மேலுள்ள கையெழுத்தை வைத்தே தெரியும்.

புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போடச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகளே தருகிறது. ஆனால் காலம் கடந்ததால் அல்லாஹ்விடத்தில் கடன் கரைந்துவிடாது. மர்ஹூம் தர வேண்டிய கடன் என்று தெரிந்தால் உரியவரின் வாரிசுகளைத் தேட வேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். பள்ளிவாசல், மதரஸா, கபுருஸ்தான் பெயர் உள்ள தாள் கண்ணில் பட்டால், வக்ஃப் சொத்துக்கான சான்றாக இருக்கலாம். ஜமாஅத்திடமும் வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். அரபுத்தமிழில் எழுதியவற்றைப் படிக்கத் தெரிந்த மூத்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டாம்பு யாருக்குச் சொந்தம்?

பெட்டியைத் திறந்தவருக்குச் சொந்தமில்லை. விலை பெறும் எந்தப் பொருளும் மர்ஹூம் விட்டுச்சென்ற சொத்தில் அடங்கும். அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக மீதி எல்லா வாரிசுகளுக்கும் உரியது.

ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டுச்சென்றார். ஸ்டாம்புகள் 24,000 ரூபாய்க்கு விற்றன என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3,000. மீதி 21,000இல் மகனுக்கு 14,000, மகளுக்கு 7,000.

பெட்டி வாப்பாவுடையது அல்ல, வாப்பாவின் வாப்பாவுடையது என்றால், கணக்கு அவருடைய வாரிசுகளிலிருந்து தொடங்கும். வாப்பாவின் சகோதரிகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வரலாம். ஒருவர் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்வதானால், மதிப்பை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லி, மனமொப்பிய விலைக்கு எடுக்கலாம். விலை தெரிந்தவர் தெரியாத சகோதரியிடம் "இது வெறும் காகிதம்" என்று சொல்லி வாங்குவது மோசடி. வாரிசுகளில் சிறு பிள்ளை இருந்தால், அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

சுருக்கமாக

- எதையும் ஊறவைக்காதீர்கள். அந்தக் காலத்து மையும், ஸ்டாம்பின் சில பச்சை, ஊதா நிறங்களும் தண்ணீரில் கரையும்.
- செல்லோ டேப், லேமினேஷன், ஸ்டேப்ளர் பின் வேண்டாம். ஒவ்வொரு தாளையும் தனி உறையில் வையுங்கள்.
- இருபுறமும் படமெடுத்து, எண்ணிட்டுப் பட்டியல் எழுதி, எல்லா வாரிசுகளுக்கும் அனுப்புங்கள்.
- கையெழுத்தை அழித்து ஸ்டாம்பை மீண்டும் பயன்படுத்துவது குற்றம்.
- 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது.

நம்மிடம் வந்த அந்தக் குடும்பத்தார், பாட்டனார் பெயரில் கடன் இருந்திருக்குமோ என்ற கவலையோடுதான் திரும்பிப் போனார்கள். ஸ்டாம்புகளை வாங்கியவரைத் தேடிப் பார்த்தும் அது கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை என்றால், முதலில் தாளைப் படியுங்கள். விலையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நம் முன்னோரின் கடன்களை நிறைவேற்றவும், உரியவர்களுக்கு உரியதைச் சேர்க்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.