பரியேறுவோர் தலைக்காப்பு

எண்சாண் உடம்பிற்குத் தலையே முதன்மை என்பது தமிழ் மக்கள் வழிவழியாக வழங்கிவரும் பழமொழி. ஆயின், உயர்ந்த பரியின்மீது ஏறி விரைந்து செல்லும் மனிதன், அத்தலையை நிலத்தின் மோதலினின்றும் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் எக்காலத்தில் தோன்றிற்று என்று ஆராயப் புகுந்தால், வியப்பிற்குரிய ஓர் உண்மை புலனாகும். பகைவனின் வாளுக்கு அஞ்சித் தலையை மூடிய மனிதன், கடும் வெயிலுக்கு அஞ்சியும் மூடினான். மதிப்பைக் காட்டும் பொருட்டும் மூடினான். வீழ்ச்சிக்கு அஞ்சி மூடியதோ மிக அண்மைக் காலத்தில்தான்.

சென்னைத் தீவுத்திடலை அடுத்து சர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை குதிரைமேல் வீற்றிருக்கிறது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் அவர். சாந்திரி என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்த அச்சிலை 1839 இல் நிறுவப்பெற்றது. அதில் அங்கவடி இல்லை என்பதைக் கண்டு தலைமுறை தலைமுறையாகப் பலரும் பேசி வந்திருக்கின்றனர். கால் வைக்கும் வளையம் இல்லாமல் ஒருவர் எவ்வாறு குதிரை ஏறுவார் என்று கேட்டவர்கள் ஏராளம். அவர் தலை வெறுந்தலையாக இருப்பதைப் பற்றிப் பேசினவர்களோ அரியர். காலுக்கு வேண்டியது இல்லையெனின் குறையாகவும், தலைக்கு வேண்டியது இல்லையெனின் இயல்பாகவும் கண்டது அக்காலத்துக் கண். அக்கண் மாறிய வரலாறே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

பண்டைத் தமிழகத்தில்

குதிரை தமிழ்நாட்டிற்குப் பெரும்பாலும் கடல்வழி வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தில் கலங்களின் வழியே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னன் ஆண்டுதோறும் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதி வைத்தார். குதிரையைப் பேணும் தொழிலறிந்தார் இங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. பாண்டியன் தந்த பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறும், நரி பரியான திருவிளையாடலும், அக்காலத்தில் குதிரைக்கு இருந்த மதிப்பை மறவாமல் காட்டுகின்றன.

இத்துணைப் பொருள் கொடுத்து வாங்கிய பரியின்மேல் ஏறிய வீரன் தன் தலையில் என்ன அணிந்தான்? புறப்பொருள் இலக்கணம் கற்ற மாணவர் இதற்கு விடை தருவர். நிரை கவரச் செல்பவன் வெட்சி சூடினான். மண் கொள்ளச் செல்பவன் வஞ்சி சூடினான். நேர்நின்று பொருபவன் தும்பை சூடினான். போருக்குச் செல்லும் தலை தன் நோக்கத்தைப் பூவினால் அறிவித்தது. உடம்பை மறைக்கும் கவசத்திற்கு 'மெய்ம்மறை' என்னும் அழகிய சொல் பதிற்றுப்பத்தில் உண்டு. அம்மறைப்பும் வேலையும் அம்பையும் தடுப்பதற்கே அன்றி, விழுந்தவனைத் தாங்குவதற்கன்று.

பகைவனின் வாள் இன்றியே பரி தன் தலைவனைக் கொல்லும் என்பதை உலகம் அறியாமல் இல்லை. தில்லியில் அரசு நிறுவிய குத்புதீன் ஐபக், 1210 இல் லாகூரில் குதிரைமேல் பந்தாடும் சௌகான் ஆட்டத்தின்போது வீழ்ந்து மாண்டான். சேணத்தின் முன்கொம்பு அவன் மார்பில் பாய்ந்தது. எத்தனையோ போர்க்களம் கண்டவனின் உயிர் ஆட்டக்களத்தில் போயிற்று. எனினும், அத்தகைய சாவுகளைத் 'தலைவிதி' என்று சொல்லி அமைந்தனரே தவிர, தலைக்கு ஒரு விதி செய்ய எவரும் முற்படவில்லை.

நெட்டித் தொப்பி

வெள்ளையர் ஆட்சி இந்தியாவிலும் மலாயாவிலும் பரவிய காலத்தில், குதிரையேறிய துரைமாரின் தலையில் 'சோலா தொப்பி' ஏறிற்று. 'சோலா' என்பது நம்மவர் 'நெட்டி' என்று கூறும் நீர்ச்செடியே. தஞ்சைக் கைவினைஞர் கோயில் உருவங்களையும் மாலைகளையும் செய்யும் அதே நெட்டியின் வெண்மையான உட்பகுதியைக் கொண்டு அத்தொப்பி செய்யப்பட்டது. எடை மிகக் குறைவு. வெப்பத்தை உள்ளே விடாது. ஆகவே, பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பால்மரங்களின் இடையே குதிரையிலும், பின்னர் மோட்டார் சைக்கிளிலும் சுற்றிய துரைமாருக்கு அது இன்றியமையாத அணியாயிற்று.

ஆனால் நெட்டி விரலால் அழுத்தினாலே நசுங்கும் இயல்பினது. குதிரையினின்று விழும் தலையை அது காக்க வல்லதன்று. அதே மரங்களின் நிழலில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளியின் தலையிலோ முண்டாசு. துரையின் தொப்பியும் தொழிலாளியின் முண்டாசும் ஒருவன் யாவன் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவித்தன. தலையணி தகுதியின் அடையாளமாக இருக்கும் வரையில், அது காக்கும் கருவியாக மாறுவது எளிதன்று.

எண்ணிப் பார்த்தவர்கள்

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் மருத்துவர்கள். அவர்கள் செய்ததெல்லாம், மாண்டவர்களை எண்ணியதும், எங்கு அடிபட்டது என்று பார்த்ததுமே. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைக் கண்ட மருத்துவர் எரிக் கார்டினர், கித்தான் துணியையும் அரக்கையும் கொண்டு தலைக்கவசம் ஒன்றை அமைத்தார். 1914 இல் மான் தீவுப் பந்தயத்தில் கலந்துகொண்டோர் அதனை அணிய வேண்டியதாயிற்று.

குதிரைப் பந்தயத்தில் விழிப்பை உண்டாக்கியது ஒரு சாவு. 1923 இல் புகழ்மிக்க கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றவர் பென்னெட் என்னும் வீரர். அவ்வாண்டின் இறுதியிலேயே வேறொரு தடைதாண்டும் பந்தயத்தில் அவர் கீழே விழ, குதிரையின் குளம்பு தலையில் பட்டது. சில நாட்களில் உயிர் நீங்கிற்று. அதன் பின்னரே தடைதாண்டும் பந்தயங்களில் மண்டைக் கவிப்பு கட்டாயமாயிற்று.

1935 மே மாதத்தில், அரபு நாட்டுப் போரில் பெயர்பெற்ற லாரன்ஸ் மோட்டார் சைக்கிளினின்று வீசப்பட்டு, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் மூளை அறுவை வல்லுநர் ஹியூ கெய்ர்ன்ஸ். அச்சாவு அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னமர்ந்தோரும் மாண்டதை 1941 இல் அவர் எடுத்துக்காட்டினார். தலைக்காயமே அச்சாவுகளின் தலையாய காரணம் என்பதையும், கவசம் அணிந்து விபத்துற்றவர்கள் பிழைத்ததையும் அவர் விளக்கினார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டிஷ் படையின் தூதோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு மனிதரின் சாவைக் கண்டு துயருற்றதோடு நில்லாமல், பிறர் சாவுகளையும் எண்ணிப் பார்த்ததே கெய்ர்ன்ஸின் பெருமை எனலாம்.

காக்கும் முறை

குதிரைமேல் அமர்ந்தவனின் தலை நிலத்தினின்று ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அவ்வுயரத்தினின்று விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிடும். குதிரை அசையாது நின்றாலும் இது நிகழும். ஆகவே, 'மெல்ல நடத்திச் செல்லும்போது கவசம் எதற்கு?' என்னும் கேள்விக்கு இடமில்லை.

கவசத்தின் வன்மையான ஓடு அடியை ஓரிடத்தில் குவிய விடாமல் பரப்புகிறது. உள்ளிருக்கும் நுரைப்பொதி நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சிறிது நீட்டுகிறது. அந்நொடியின் சிறு பகுதியே மூளையைக் காப்பது. நசுங்கும் உட்பொதியுள்ள கவசத்திற்கு 1953 இல் அமெரிக்காவில் லம்பார்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசம் மறுமுறை பயன்படாது என்பதும், தாடைவாரைக் கட்டாத கவசம் தலையில் நில்லாது என்பதும் இதனால் விளங்கும்.

தடைகளும் விடைகளும்

கவசம் வேண்டாம் என்போர் கூறும் காரணங்கள் பழையவை. வெப்ப நாட்டில் அதனைத் தாங்க முடியாது என்பது ஒன்று. வெயிலுக்காக நாள் முழுதும் தொப்பியைத் தாங்கிய தலை, வீழ்ச்சிக்காகச் சிறிது நேரம் ஒன்றைத் தாங்காதோ?

வல்லவனுக்கு அது தேவையில்லை என்பது மற்றொன்று. செஞ்சிக் கோட்டைத் தேசிங்குராசன் அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கிய கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இக்கூற்று இனிக்கும். ஆயினும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சார்பில் குதிரையேறிய கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்ததால் நான்கு வாரம் நினைவிழந்து கிடந்தார். அன்று அவர் தலையில் கவசம் இல்லை. வல்லவர் ஏறினாலும் குதிரை இடறும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மரபு கெடும் என்பது மூன்றாவது தடை. நடைப்பயிற்சிப் போட்டியில் உயர்ந்த கரிய தொப்பி அணிவது ஐரோப்பிய மரபு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அப்போட்டியில் தங்கம் வென்ற சார்லட் டுஜார்டின் கவசத்துடனேயே குதிரை ஏறினார், அழகு குன்றவில்லை. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரி முதல் அப்போட்டியிலும் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று.

சமயக் கடமை பற்றிய தடை மட்டும் வேறு வகையினது. அதனை மரபு, பெருமிதம் என்பவற்றோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. 1942 ஜனவரி 7 ஆம் நாள் ஜப்பானியக் கவச வண்டிகள் சிலிம் ரிவர் வழியே பாய்ந்தபோது எதிர்நின்ற இந்தியப் படைகளுள் பஞ்சாப் பிரிவுகளும் இருந்தன. அவ்விரு உலகப் போர்களிலும் சீக்கிய வீரர் பலர் இரும்புத் தொப்பியை ஏலாது, தலைப்பாகையுடனேயே போரிட்டனர். மலேசியாவில் 1973 இல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டபோது, தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரிட்டன் 1976 இல் அதே விலக்கைச் சட்டமாக்கிற்று. இந்திய மோட்டார் வாகனச் சட்டமும் அவ்வாறே செய்துள்ளது. முதிர்ந்தோர் ஒருவரின் உறுதியான சமயப் பற்றுக்கு விலக்கு அளிப்பது அறம். சோம்பலுக்கு அவ்விலக்கை வேண்டுவது அறமாகாது.

கவசம் எல்லாவற்றையும் காக்கும் என்பதும் இல்லை. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 இல் குதிரையினின்று விழுந்தபோது கவசம் அணிந்தே இருந்தார். முறிந்தது கழுத்து, எஞ்சிய வாழ்நாள் சக்கர நாற்காலியில் கழிந்தது. நல்ல பயிற்சியும், அடங்கிய குதிரையும், ஏற்ற பாதையும் கவசத்தோடு சேர்ந்தே காக்கும். ஆயினும், எல்லாக் காயத்தையும் தடுக்கவில்லை என்பதற்காகப் பெருங்காயத்தைத் தடுப்பதைக் கைவிடுதல், ஓட்டைக் குடையென்று சொல்லி மழையில் நனைவதை ஒக்கும்.

தோட்டத்துக் குதிரை

ஈப்போவில் பந்தயக் குதிரை காண்போர் உளர். ஆனால் சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்ட மக்களின் குதிரை மோட்டார் சைக்கிளே. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னும் அது மாறவில்லை. 1973 ஆம் ஆண்டு விதியால் மோட்டார் சைக்கிள் சாவுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன என்று பின்னர் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆயினும், இந்நாட்டுச் சாலைகளில் மடிவோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே.

பெருஞ்சாலையை அடைந்ததும் கவசம் தலைக்கு ஏறுகிறது. லயத்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் மண்பாதையில் அது கைப்பிடியில் தொங்குகிறது. முன்னால் அமர்ந்த பிள்ளையின் தலையிலோ ஒன்றுமே இல்லை. காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் நிலம் கடினமாக இருப்பதில்லை. குதிரையேறியவன் கவசம் அணிய வேண்டுமா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை, அணிய வேண்டும் என்பதே. அவ்விடையைப் பல நாடுகள் பலரை இழந்த பின்னரே கற்றன. தோட்டத்துப் பிள்ளைகள் அதனை ஏட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். அதற்கு முதலில், பிள்ளையை முன்னே அமர்த்தும் தந்தை, வண்டியை முடுக்குமுன் பிள்ளையின் தாடைவாரைக் கட்டவேண்டும்.