காலால் இழுத்த கோடு



படம் வரைவது என்றதும் நமக்குத் தாளும் பென்சிலும்தான் நினைவுக்கு வரும். மேலை நாடுகளிலும் நெடுங்காலம் பெரும்பாலும் அதே எண்ணம்தான். வண்ண ஓவியமோ சிலையோ செய்வதற்கு முன்னால் போட்டுப் பார்க்கும் கோட்டு வேலையையே வரைதல் என்றார்கள். 1960களின் பிற்பகுதியில் சிலர் இந்த எல்லையைத் தாண்டினார்கள்.

1967ஆம் ஆண்டு. இலண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ரிச்சர்ட் லாங் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வாட்டர்லூ நிலையத்தில் இரயில் ஏறி, வில்ட்ஷயரில் ஒரு புல்வெளிக்குப் போனார். கையில் தூரிகை இல்லை. நேராக நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார். மிதிபட்ட புல் சாய்ந்து ஒரு நேர்க்கோடாகத் தெரிந்தது. அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். 'நடந்து உண்டாக்கிய கோடு' என்று பெயர் வைத்தார்.

"இதில் என்ன கலை இருக்கிறது, ஐயா? விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்களின் கால்பட்டு நம் தோட்டங்களிலும்தான் ஒற்றையடிப் பாதை விழுந்தது!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் பாதை வேலைக்காட்டுக்குப் போய்ச் சேர்வதற்காக விழுந்தது. லாங் எங்கும் போய்ச் சேரவில்லை; கோடு விழவேண்டும் என்பதற்காகவே நடந்தார். பென்சில் தாளில் நகர்ந்தால் கோடு. உடம்பே புல்லில் நகர்ந்தாலும் கோடுதானே? அந்தப் புகைப்படம் இலண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

1968இல் வால்ட்டர் டி மரியா என்பவர் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், 12 அடி இடைவெளி விட்டு, ஒரு மைல் நீளத்துக்கு இரண்டு சுண்ணக்கோடுகள் போட்டார். அவை நிலைக்கவில்லை. இப்படி நிலத்தையே தாளாகக் கொண்ட வேலைகளுக்கு நிலக்கலை என்று பெயர்.

அவற்றுள் பெரும்புகழ் பெற்றது யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரியில் இருக்கிறது. 1970 ஏப்ரலில் ராபர்ட் ஸ்மித்சன் கரையிலிருந்து நீருக்குள் நத்தைக்கூடு போலச் சுருளும் ஒரு கல்வரப்பை எழுப்பினார். நீளம் 1,500 அடி, அகலம் 15 அடி. 6,000 டன்னுக்கும் மேற்பட்ட கறுப்புப் பாறைக்கல்லும் மண்ணும் அதற்குப் பிடித்தன. முளைக்குச்சி நட்டு, கயிறு கட்டி வழி காட்டியவர் ஸ்மித்சன். கல்லைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் லோரி ஓட்டியவர்களும் இயந்திரம் ஓட்டியவர்களும். ஏரியின் அடியில் சேறு. சற்றுத் தவறினால் லோரி புதைந்துவிடும். அப்படியானால் அந்தக் கோட்டை இழுத்தவர் யார்? பொதுவாகச் சொல்லப்படுவது ஸ்மித்சன் பெயர் ஒன்றுதான். திட்டம் அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடு இழுப்பதே கலை என்று ஒப்புக்கொண்ட பிறகு, இழுத்த கைகளை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1973இல், டெக்சஸ் மாநிலத்தில் இன்னொரு நிலக்கலை வேலைக்கு இடம் பார்க்க விமானத்தில் பறந்தபோது, விபத்தில் ஸ்மித்சன் இறந்தார். வயது 35. அதற்குள் ஏரி நீர் உயர்ந்து சுருளை மூடியிருந்தது. 2002இல் வறட்சியால் நீர் இறங்கியபோது, உப்புப் படிந்து வெண்மையாக அது வெளிப்பட்டது. பிறகு ஏரி இன்னும் பின்வாங்கிவிட்டது. பார்க்கப் போகிறவர்கள் காலில் ஈரம் படாமல், அந்தக் கோட்டின் மேலேயே சுற்றிச்சுற்றி நடந்து, நடுப்புள்ளி வரை போய்த் திரும்புகிறார்கள்.