காலி நாற்காலிகளும் கடற்கரை மணலும்

குழித்துறை வழியாக ஓடிவரும் தாமிரபரணி, தேங்காப்பட்டணம் பக்கம் வந்து கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தைத் தாண்டி, மேற்கே கேரள எல்லை வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு மீனவ ஊர்கள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. வயலும் குளமுமாகக் கிடக்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்களிலேயே பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

எட்டு ஊருக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஆழ்கடலில் சுறா பிடிக்கும் தொழில். இன்னொன்று, கால்பந்து.

இங்கே கோயில் திருவிழாவை ஒட்டியோ, விடுமுறையிலோ ஒரு போட்டி நடந்தால் பாருங்கள். ஆண், பெண், கிழவர், குழந்தை என்று ஊரே மைதானத்தைச் சுற்றி நிற்கும். நாற்காலி கிடையாது, டிக்கெட்டில் நம்பர் கிடையாது. ஆனால் ஒழுங்கு உண்டு. முன்வரிசையில் நிற்பவர் எழும்பி மறைத்தால், பின்னாலிருந்து சத்தம் வரும். ‘லேய், இரில! பொறத்தால இருக்கவனுக்குக் காணாண்டாமா?’ அதற்கும் அடங்காவிட்டால் முதுகில் ஒரு பிடி மணல் வந்து விழும். அவ்வளவுதான் சட்டம்!

இனி காட்சியை மாற்றுவோம். ஒரு பெரிய நகரத்தில், நல்ல ஸ்டேடியம் ஒன்றில் தொழில்முறை லீக் ஆட்டம் பார்க்க நண்பரோடு போயிருந்தேன். எங்கள் பகுதியில் ஆயிரக்கணக்கான இருக்கைகள் இருந்தன. ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெயில் படாத ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தோம். வந்தார் ஒரு காவலர். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். ‘உங்க சீட் அது சார்’ என்று வெயில் கொளுத்தும் இடத்தைக் காட்டினார். ‘இங்கேதான் யாருமே இல்லையே’ என்றார் நண்பர். ‘ரூல் சார்’ என்றார் அவர். எழுந்து போனோம். எங்கள் நிழல் கடைசிவரை காலியாகவே கிடந்தது.

சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஆனால், அந்த ‘ரூல்’ எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் சிரிப்பு நின்றுவிடும்.

கொஞ்சம் பின்னே போவோம். 1911 ஜூலை 29. கல்கத்தா மைதானத்தில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்தை எதிர்த்து ஆடுகிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் கிடையாது. வந்த கூட்டம் அறுபதாயிரம் என்பார்கள், எண்பதாயிரம் என்பார்கள். உட்கார இடம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கும் கிளப் உறுப்பினர்களுக்கும்தான். மற்றவர்கள் மரத்தில் ஏறினார்கள், கிடைத்த பெட்டிகளின் மேல் நின்றார்கள். தூரத்தில் இருந்தவர்களுக்கு ஸ்கோர் சொல்ல, பட்டம் பறக்கவிட்டார்களாம். மோகன் பகான் 2-1 என்று ஜெயித்தது. இந்தியக் கால்பந்தின் முதல் பெரிய கொண்டாட்டத்தை நம் ஜனங்கள் நின்றுகொண்டேதான் பார்த்தார்கள்.

அதே கல்கத்தாவில், 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. இரண்டு அணி ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து இருந்தார்கள். மைதானத்தில் இரண்டு வீரர்களுக்குள் மூண்ட சண்டை மேலே பரவியது. கல் பறந்தது, ஜனங்கள் சிதறி ஓடினார்கள். நெரிசலில் செத்தவர்கள் 16 பேர். மேட்ச் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால், அந்த வீட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஒன்பது வருடம் கழித்து இங்கிலாந்தின் முறை. 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வாசலில் கூட்டம் நெருக்க, போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த பகுதிக்கே போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் இரும்பு வேலி, பின்னால் கூட்டம். நின்ற நிலையிலேயே மூச்சு முட்டினார்கள். மொத்தச் சாவு 97. ரசிகர்கள்தான் காரணம் என்று பழி போட்டார்கள். தப்பு ரசிகர்கள் மேல் இல்லை என்று விசாரணை நீதிமன்றம் சொல்ல 2016 வரை ஆயிற்று!

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நீதிபதி டெய்லர் 1990-ல் கொடுத்த அறிக்கைதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஆளுக்கொரு நாற்காலி, நாற்காலிக்கொரு நம்பர். 1994-லிருந்து இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் கேலரிகள் ஒழிந்தன. மெல்ல மெல்ல உலகமே அந்த வழிக்கு வந்தது. நாற்காலி என்பது சொகுசுக்காக வந்ததில்லை. இத்தனை பேர்தான் உள்ளே இருக்கலாம் என்பதற்கு அதுவே அளவுகோல். என் டிக்கெட்டைக் காட்டச் சொன்ன காவலருக்குப் பின்னால் இவ்வளவு சாவு இருக்கிறது.

நம் ஊருக்கும் நாற்காலி வந்தது. கொல்கத்தாவின் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1997-ல், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் திரண்டார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்த நாள் அது. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பைக்காக அதே ஸ்டேடியத்தில் தனித்தனி இருக்கைகள் போட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு இடம் ஏறக்குறைய 66 ஆயிரமாகச் சுருங்கியது. கொச்சியில் இன்னும் கறார். ஆபத்து என்றால் சில நிமிடங்களில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று கணக்குப் போட்டு, அறுபதாயிரம் பேர் பார்த்துப் பழகிய மைதானத்தில் 30 ஆயிரத்துக்கும் கீழேதான் அனுமதி. மலையாள ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால், 2022 மார்ச்சில் மலப்புரம் பூங்கோடில் செவன்ஸ் ஆட்டத்துக்காகக் கட்டிய தற்காலிக கேலரி சரிந்து இருநூறு பேர் வரை காயப்பட்டபோது, அந்தக் கணக்கின் அருமை கொஞ்சம் புரிந்திருக்கும்.

ஆக, நாற்காலி வந்துவிட்டது. உட்கார ஆள் எங்கே?

2018 ஜூன் 1. மும்பையில் இந்தியா, சைனீஸ் தைபேயை 5-0 என்று நொறுக்குகிறது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல். நாட்டின் அணி, சொந்த மண், இத்தனை கோல்... பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோவில் பேசினார். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கெஞ்சாத குறை. ஜூன் 4-ம் தேதி கென்யாவோடு அடுத்த ஆட்டம், சேத்ரிக்கு அது நூறாவது. டிக்கெட் அத்தனையும் தீர்ந்தது. கொட்டும் மழையிலும் கூட்டம் அசையவில்லை.

யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டால் வருகிற ஜனம்தான் நாம். யாராவது கூப்பிட வேண்டியிருக்கிறது. 1983-ல் கிரிக்கெட் கோப்பை வந்தது, பிறகு கேபிள் டி.வி. வந்தது. மான்செஸ்டர் அணியின் பதினோரு பேரும் நம் வீட்டுப் பையனுக்கு மனப்பாடம். பக்கத்து ஊர் அணியில் ஒருவன் பெயர் கேட்டால் முழிப்பான். வேலைநாளில் மதிய வெயிலில் லீக் ஆட்டம் வைத்தால் யார்தான் வருவார்கள்?

இப்போது மறுபடி தூத்தூர் கரைக்கு வாருங்கள். இரவிபுத்தன்துறையில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். 2017-18 ஐ லீக் சீசனில் சென்னை சிட்டி அணிக்கு ஆடினார். சீசன் தொடங்கியது நவம்பர் 25. அடுத்த சில நாட்களிலேயே இந்தக் கரையை ஒக்கிப் புயல் அடித்துப் போட்டது. கடலுக்குப் போனவர்களுக்காக ஊர் ஊராகக் கரையில் நின்று காத்துக் கிடந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து கிளம்பி வருகிறவன், முக்கால்வாசி காலியான கேலரிக்கு முன்னால் ஓடி ஓடி ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

2019 மார்ச் 9-ல் சென்னை சிட்டி, கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ லீக் சாம்பியன் ஆனது. ஒரு தமிழ்நாட்டு அணி அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அந்த அணியில் சூசைராஜின் அண்ணன் ரெஜினும் இருந்தார். சூசைராஜ் அதே 2019-ல் இந்தியாவுக்கு ஆடினார். பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனார். 2020 மார்ச் 14-ல் கோவாவில் அந்த அணி, சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கியது. அன்று கேலரியில் ஒரு ரசிகர்கூட இல்லை. கொரோனா! எல்லா நாற்காலிக்கும் நம்பர் இருந்தது, ஆள்தான் இல்லை.

சாம்பியனான சென்னை சிட்டி என்ன ஆயிற்று? இரண்டே வருடத்தில், 2020-21 சீசனில் அட்டவணையின் கீழ்ப்பாதியில் முடித்தது. அதன் பிறகு ஐ லீக்கில் அந்தப் பெயரே இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று வீரர்கள் தவித்தார்கள். தொழில்முறை ஆட்டம் என்பது ஒரு பையனுக்குப் பிழைப்பு. கடலுக்குப் போகாமல் கரையில் சோறு தின்ன ஒரு வழி. ஆளில்லாத கடைக்கு எத்தனை நாள் சரக்கு வரும், சொல்லுங்கள்?

நம்பர் போட்ட நாற்காலி வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. அது செத்தவர்கள் நமக்கு விட்டுப்போன பாடம். ஆனால், அந்தச் சட்டம் கூட்டத்தைக் காப்பாற்ற வந்தது. காப்பாற்றக் கூட்டம் வேண்டாமா?

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு லீக் ஆட்டம் நடந்தால், வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்வாருங்கள். டிக்கெட்டில் போட்ட இடத்திலேயே சமர்த்தாக உட்காருங்கள். முன்னால் இருப்பவர் எழும்பி மறைத்தால் சொல்ல வேண்டியதை இப்போது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ‘லேய், இரில!’

மணல் மட்டும் வேண்டாம்.