முறிந்த எலும்பும் கடுகண்ணாவை வீதியும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில், கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் ஓர் உயர்ந்த கோபுரம் நிற்பதை அவ்வழியே சென்றோர் யாவரும் கண்டிருப்பர். வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்டது அக்கோபுரம். கூலியின்றி மக்களை வேலை வாங்கிய ராஜகாரிய முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதும் அதே 1832 இல்தான். சரித்திரம் சில வேளைகளில் இப்படி வேடிக்கை செய்வதுண்டு.

1820 இல் தேசாதிபதி பார்ன்ஸ் தொடக்கிய இவ்வீதிக்கு மலையை வெட்டியவர்கள் அந்த ராஜகாரியத்தால் பிடித்து வரப்பட்ட விவசாயிகள். கற்பாறையைக் குடைந்து வழி செய்த இடத்தில் கல் உருண்டிருக்கும், கால் முறிந்திருக்கும். டோசனுக்குக் கோபுரம் உண்டு. கால் முறிந்தவனுக்கு ஊர் வைத்தியன் உண்டு, வேறு எவருமில்லை.

சிங்கள மக்கள் 'வெதமாத்தயா' என்றும், நம்மவர் 'பரியாரியார்' என்றும் மரியாதையுடன் அழைத்த அவ்வைத்தியர்களின் முறிவு நெரிவு வைத்தியம் நெடிய மரபுடையது. எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, மரப்பட்டை வைத்துக் கட்டும் விதத்தைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. பிரண்டைக்கு வடமொழியில் எலும்பைப் பொருத்துவது என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. ஆயினும் பழமை என்பதற்காக எதனையும் போற்றிவிடல் ஆகாது. கட்டு அளவுக்கு மீறி இறுகி, இரத்தவோட்டம் தடைப்பட்டு, முறிந்த காலையே வெட்டியெறிய நேர்ந்தோர் பலர்.

அதேவேளை, நாட்டு வைத்தியன் என்று ஏளனம் செய்வோரும் ஒரு செய்தியை அறிதல் நலம். மேனாட்டு எலும்பு வைத்தியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடியானவர் பரம்பரையில் வந்தவர். முறிந்த எலும்புக்கு மருந்து நீண்ட, இடையறாத ஓய்வே என்று அவர் வாதாடினார். துறைமுகத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்த அவர் ஆக்கிய இரும்புச் சட்டம், முதலாம் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த எண்ணற்ற சிப்பாய்களைச் சாவிலிருந்து மீட்டது.

ஓய்வு மட்டும் போதாத முறிவுகளும் உண்டு. அவற்றின் கதை ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தோடு உலகறிந்ததாயிற்று. 1963 இல் 2.28 மீட்டர் உயரம் தாண்டி உலக சாதனை படைத்து, 1964 இல் டோக்கியோவில் தங்கப் பதக்கம் பெற்றவர் சோவியத் வீரர் வலேரி புரூமெல். 1965 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரது வலக்கால் சிதைந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், பல ஆஸ்பத்திரிகள், பல அறுவைகள், எலும்பு கூடவில்லை. கடைசியில் 1968 இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் சைபீரியாவின் கூர்கன் என்னும் ஒதுக்குப்புற நகரம்.

அங்கே இருந்தவர் கவ்ரீல் இலிசாரோவ். போர்க்காலத்தில் கிராம ஆஸ்பத்திரியொன்றில் தொழில் தொடங்கிய மருத்துவர். எலும்பினூடே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, அவற்றைக் காலுக்கு வெளியே உலோக வளையங்களில் பூட்டும் கருவியை 1950களின் தொடக்கத்தில் அவர் ஆக்கினார். எலும்பை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கினால் இடைவெளியில் புதிய எலும்பு வளர்கிறது என்பதே அவர் கண்ட உண்மை. அதற்கு அதிகமாக அவசரப்பட்டால் எலும்பு வளராது. தலைநகரத்துப் பேராசிரியர் பலர் நெடுங்காலம் இதனைப் பொருட்படுத்தவில்லை. உழைப்பாளி மக்களின் பெயரால் ஆட்சி நடந்த நாட்டிலும் மாகாண வைத்தியனின் குரல் தலைநகருக்கு எட்டப் பல ஆண்டுகள் சென்றன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புரூமெலோ மீண்டும் இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார்.

இன்று இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. மழை நாளில் கடுகண்ணாவை வளைவில் சறுக்கி விழுபவன் பெரும்பாலும் உல்லாசத்துக்கு ஓட்டுபவன் அல்லன்; மேசன் வேலைக்கோ, பொருள் கொண்டுசேர்க்கவோ விரைபவன். கண்டியிலும் பேராதனையிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் அவனுக்கு இலவசமாக எலும்பைப் பொருத்திக் கட்டுப் போடுகின்றன. இது மக்கள் ஈட்டிய பெரும் உரிமை. ஆனால் கீழ்க்கால் எலும்பு கூட மூன்று நான்கு மாதங்களாகும். தோல் கிழிந்த முறிவாயின் இன்னும் நீளும். முதலில் உறைந்த இரத்தம், பிறகு மெதுவான இழையம், அதன்பின்பே கெட்டியான எலும்பு. இந்த ஒழுங்கை எந்த மருந்தும் பாய்ந்து கடக்காது.

அந்த மாதங்களுக்குக் கூலி தருவது யார்? ஒலிம்பிக் வீரனுக்காக ஒரு நாடே காத்திருந்தது. வேலையில் காயமுற்றோருக்கு நட்டஈடு வழங்க 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. எனினும் முதலாளி என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். இன்று ஒரு வீட்டுச் சுவர், நாளை வேறொரு வீட்டுக் கூரை என்று அலைபவன் எவரைச் சுட்டுவான்? கடைக்காரரின் கடன் கொப்பி நிறைகிறது. விழுந்து நெளிந்த சைக்கிளுக்கும் லீசிங் தவணை கட்டியாக வேண்டும். ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொன்ன காலை ஆறாம் வாரத்தில் ஊன்றிக்கொண்டு அவன் சாந்துச் சட்டி தூக்கப் போகிறான். பன்னிரண்டாம் வாரத்து எக்ஸ்ரே படத்தில் முறிவின் கோடு அப்படியே தெரிகிறது.