முடிவை யார் எடுத்தது? அதை எப்படி அளக்கிறது?

1961இல் டொனல்ட் ஓக்கன் என்ற வைத்தியர் ஒரு ஆய்வை வெளியிட்டார். சிக்காகோ ஆஸ்பத்திரி ஒன்றின் 219 வைத்தியர்களிடம் அவர் கேட்டது இதுதான்: புற்றுநோய் எண்டு தெரிஞ்சால் நோயாளியிட்டச் சொல்லுவீங்களா? 90 வீதமானோர் பொதுவாகச் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அமெரிக்காவின் இன்னொரு ஆஸ்பத்திரியில் அதே கேள்விக்கொத்தைக் கொடுத்தபோது 97 வீதமானோர் சொல்வோம் என்றார்கள்.

18 வருஷத்தில் நிலைமை தலைகீழ். ஆனால் வருத்தத்தின் பெயரைச் சொல்லுறது வேற, அதுக்கு என்ன செய்யிறது எண்டு நோயாளியோட சேர்ந்து முடிவெடுக்கிறது வேற. இந்த இரண்டாவதை 1982இல் அமெரிக்க ஜனாதிபதியின் மருத்துவ ஒழுக்கவியல் ஆணைக்குழு ஒரு இலட்சியமாக முன்வைத்தது. 1997இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கெதி சார்ள்ஸ், அமிராம் கஃப்னி, டிம் வீலன் மூவரும் அதற்கு வரைவிலக்கணம் கொடுத்தார்கள். குறைந்தது வைத்தியரும் நோயாளியும் பங்குபற்ற வேண்டும். தகவல் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். எந்தச் சிகிச்சை நல்லது என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். கடைசியில் இருவரும் உடன்பட வேண்டும்.

சரி, இது உண்மையில நடக்குதா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2003இல் வேல்ஸில் கிளின் எல்வினும் அவரது குழுவும் ‘ஒப்ஷன்’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். வைத்தியரும் நோயாளியும் கதைப்பதைப் பதிவுசெய்து, மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டுப் புள்ளி போட வேண்டும். மொத்தம் 12 விடயங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது என்று வைத்தியர் சொன்னாரா, ஒவ்வொன்றின் நன்மை தீமையை விளக்கினாரா, நோயாளியின் பயங்களைக் கேட்டாரா, கேள்வி கேட்க இடம் விட்டாரா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. பிறகு 100க்கு மாற்றுவார்கள். 21 குடும்ப வைத்தியர்களின் 186 சந்திப்புகளை அளந்து பார்த்தபோது சராசரி 17கூட வரவில்லை! 2015இல் வெளிவந்த ஒரு மீளாய்வு 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதில் சராசரி 23.

பின்னர் 2013 அளவில் ‘கொலபொரேட்’ என்ற சின்னப் படிவம் வந்தது. நோயாளியிடமே மூன்று கேள்விகள்: உங்கள் பிரச்சினையை விளங்கப்படுத்த எவ்வளவு முயற்சி எடுத்தார்கள்? உங்களுக்கு முக்கியமானதை எவ்வளவு கேட்டார்கள்? அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதை எவ்வளவு சேர்த்துக்கொண்டார்கள்? நோயாளியின் அனுபவத்தை நோயாளியிடம் கேட்பதுதானே நியாயம். ஆனால் இப்படி நோயாளிகள் நிரப்பும் படிவங்களில் புள்ளிகள் பொதுவாக உச்சத்திலேயே நிற்கின்றன. வெளியாள் கேட்டால் 20, நோயாளி சொன்னால் கிட்டத்தட்ட முழுப் புள்ளி. ஏன்?

டொக்டரில் உள்ள மரியாதை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. காட்டப்படாத வழியை நோயாளி எப்படித் தேடுவார்?

ஸ்கொட்லாந்தின் மொன்ட்கோமரி வழக்கைப் பாருங்கள். நீரிழிவுள்ள தாய் ஒருவர். இப்படியான தாய்மாரின் சாதாரண பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து 9 முதல் 10 வீதம். பிள்ளை பெரிதாக இருக்கிறதே என்று அவர் கவலைப்பட்டும் வைத்தியர் இந்த ஆபத்தைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவரது நியாயம். 1999இல் பிறந்த குழந்தைக்குப் பாரிய பாதிப்பு ஏற்பட்டது. 2015இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. முக்கியமான ஆபத்துகளையும் நியாயமான மாற்று வழிகளையும் நோயாளிக்குத் தெரியப்படுத்துவது வைத்தியரின் கடமை என்றது.

அந்தப் பிரசவம் பிரச்சினையில்லாமல் முடிந்திருந்தால், மூன்று கேள்விகளுக்கும் அந்தத் தாய் நல்ல புள்ளியே போட்டிருக்கலாம். தனக்கு ஒரு தெரிவு இருந்தது என்றே தெரிந்திருக்காதே. அதனால் நோயாளியின் திருப்தியை மட்டும் அளந்துவிட்டு, முடிவு சேர்ந்து எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. அந்த அறையில் என்ன சொல்லப்பட்டது, என்ன சொல்லப்படவில்லை என்பதையும் யாராவது கேட்கத்தான் வேண்டும்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அடுத்தமுறை அம்மாவையோ அப்பாவையோ கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனால், எழும்ப முதல் ஒருக்கா கேளுங்கோ: இதுக்கு வேற வழி இருக்கா, டொக்டர்?