பூண்டும் கருவாடும் தாம்பூலமும்

ஊரப்பாக்கம் இன்று தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே மின்தொடர் வண்டி நிற்கும் புறநகர்ப் பகுதியாக அறியப்பட்டாலும், அது பழைய தொண்டை மண்டலத்தின் ஒரு பகுதியாதலால், உண்டபின் வாய்மணம் பேணும் வழக்கத்தின் வரலாற்றை இவ்வட்டாரத்தில் தேடுவோர் காஞ்சியையும் கடல்மல்லையையும், அதாவது மாமல்லபுரத்தையும், சேர்த்தே காண வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் கருவாடும் இப்பகுதியின் அன்றாட உணவுகளே. நசுக்கிய பூண்டிலிருந்து உண்டாகும் அல்லைல் மெத்தில் சல்பைடு என்னும் கந்தகச் சேர்மம் குடலிலிருந்து குருதியில் கலந்து நுரையீரல் வழியே வெளியேறுவதால், வாயைக் கொப்பளித்தாலும் அந்த வாடை பல மணி நேரம் நீங்குவதில்லை. இந்தியாவில் 7ஆம் நூற்றாண்டில் பயணம் செய்து காஞ்சியைப் பற்றியும் எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், வெங்காயமும் பூண்டும் உண்போர் நகர்மதிலுக்கு வெளியே அனுப்பப்பட்டனர் என்று இந்நாட்டின் பொது வழக்காகக் குறிக்கிறார். இதைத் தொண்டை மண்டலத்து உழவர்க்கும் கடற்கரை மக்களுக்கும் அப்படியே பொருத்துவது தவறாகும். ஆயினும் வாயின் வாடையைக் கொண்டு மனிதரைத் தாழ்த்தும் கொடுமை எவ்வளவு பழையது என்பதை அக்குறிப்பு காட்டுகிறது.

வாடைக்கு மாற்றாக நின்றது தாம்பூலம். மதுரையில் கோவலன் உண்டபின் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் அளிப்பதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளோ இறைவனுக்குப் படைக்கும் வெற்றிலையை இலையமுது என்றும், பாக்கை அடைக்காயமுது என்றும் குறிக்கின்றன. செல்வர் இவற்றோடு பஞ்சவாசம் சேர்த்தனர். ஏலம், இலவங்கம், சாதிக்காய், தக்கோலம், கற்பூரம் என்ற இவ்வைந்தில் ஏலம் மலைநாட்டில் விளைவது. இலவங்கமும் சாதிக்காயும் மலுக்குத் தீவுகளிலிருந்தும், உண்ணத்தக்க பச்சைக் கற்பூரம் சுமத்திராவிலிருந்தும் கடல்வழி வந்தவை. பல்லவர் துறையான கடல்மல்லையில் பொருள் நிறைந்த கலங்கள் நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருஸ் ஊருக்கருகே, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ஒரு வேளை உணவுக்குப் பின் மூச்சு மணக்க வேண்டும் என்ற விருப்பமும் இத்தகைய நெடுங்கடல் வணிகத்துக்கு ஊட்டம் தந்தது என்று கருத இடமுண்டு.

மதுரைச் சுல்தானகத்துக்கு வந்த இபின் பதூதாவும், 1443இல் விசயநகரத்தில் தங்கிய பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், வெற்றிலை வாய் நாற்றத்தைப் போக்கும் என்றே எழுதினர். விசயநகர, நாயக்கர் அரசவைகளில் அரசருக்கு வெற்றிலைப் பையைத் தாங்கிய அடைப்பக்காரர், அரசரை எந்நேரமும் நெருங்கக்கூடியவராதலால், பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தனர்.

வெற்றிலையிலுள்ள நறுமண எண்ணெய் வாயின் நுண்ணுயிர்களை ஓரளவு அடக்கும். நுரையீரல் வழி வரும் பூண்டு வாடையையோ அது மறைக்குமேயன்றி நீக்காது. பாக்கின் நிலை முற்றிலும் வேறு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தன் ஆய்வு நூலில் உறுதி செய்தது. முன்னோர் எண்ணிய பஞ்சவாசத்தில் பாக்கு இல்லை. ஆகவே ஊரப்பாக்கத்துத் திருமண மண்டபங்களில் விருந்தினர்முன் நீட்டும் தட்டில் பாக்கை விடுத்து ஏலமும் இலவங்கமும் வைப்பது மரபுக்குக் குறையாகாது. இல்லத்தார் அதைச் செய்ய முன்வர வேண்டும்.