மூளைக் காயமும் சமூகப் பங்கேற்பும்

சாலை விபத்து, தவறி விழுதல், பக்கவாதம், மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் மூளை பாதிக்கப்பட்டவர்கள் வேலை, கலை, விளையாட்டு, வழிபாடு, நட்பு ஆகியவற்றில் மீண்டும் கலந்துகொள்ளத் துணைநிற்பது மறுவாழ்வுப் பணியின் முக்கியக் கூறு. முழுதும் குணமான பிறகே வெளியுலகம் என்று காத்திருப்பது பெரும்பாலும் தனிமையில்தான் முடிகிறது. பழகும் இடத்தையும் முறையையும் அவர்களுக்கேற்ப மாற்றினால், காயத்தின் விளைவுகள் நீடிக்கும்போதே பங்கேற்கலாம்.

நடக்கவும் பேசவும் முடிந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்றே சுற்றியிருப்போர் எண்ணுகிறார்கள். மறதி, சீக்கிரமே வரும் களைப்பு, இரைச்சலைத் தாங்க முடியாமை, சட்டென எழும் கோபம் ஆகியவை பார்வைக்குப் புலப்படுவதில்லை. எல்லாவற்றிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, ஒன்றைத் தானாகத் தொடங்கும் திறனின் இழப்பு. மூளையின் முன்மடலில் அடிபட்டவருக்குப் போக ஆசை இருந்தும் எழுந்து புறப்பட முடியாமல் போகலாம். அதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது அநியாயம். அவரை அழைத்தால் மட்டும் போதாது. புறப்படும் நேரத்தில் ஒருவர் உடன் இருக்க வேண்டும். அவருக்குப் பழக்கமாகப் பழக்கமாக அந்தத் துணையைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 1979இல் தொடங்கப்பட்ட ஹெட்வே அமைப்பு இத்துறையில் முன்னோடி. கிழக்கு லண்டனில் உள்ள அதன் கிளைக்கு வருபவர்கள் நோயாளிகள் அல்லர், உறுப்பினர்கள். அங்குள்ள கலைக்கூடத்தில் அவர்கள் உருவாக்கிய படைப்புகள் 2023இல் பார்பிகன் கலை மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தடுமாறும் நடையையும் குழறும் பேச்சையும் காவலர்கள் குடிபோதை என்று நினைத்துவிடுவதைத் தவிர்க்க, 2017இல் ஹெட்வே ஓர் அடையாள அட்டையை அறிமுகப்படுத்தியது. வெளியே போகும் துணிச்சலுக்கு இத்தகைய ஏற்பாடுகளும் தேவை.

மறதிக்கு எளிய கருவிகளே நன்கு உதவுகின்றன. மூளைக் காயமுற்ற மகனுக்காகக் கலிபோர்னியாவில் பொறியாளரான ஒரு தந்தை, நரம்பியல் உளவியலாளர் ஒருவருடன் சேர்ந்து நியூரோபேஜ் என்ற நினைவூட்டும் முறையை உருவாக்கினார். பார்பரா வில்சன் குழுவினர் பிரிட்டனில் 143 பேரிடம் அதைச் சோதித்து 2001இல் வெளியிட்ட முடிவின்படி, சோதனையை நிறைவுசெய்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் அன்றாடக் காரியங்களை நினைவில் வைத்துச் செய்வதில் தெளிவான முன்னேற்றம் கண்டனர். இன்று கைபேசி அலாரமே அந்த வேலையைச் செய்துவிடும்.

கலை, விளையாட்டு போன்றவற்றுக்கான குழுக்களை நடத்துவோர் கூட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது, நடுவே ஓய்வு தருவது, ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, அடுத்து நடக்கப்போவதை எழுதித் தருவது ஆகியவை பெரிய செலவில்லாத வழிகள். எந்தக் குழுவில் சேர்வது என்ற முடிவு மட்டும் காயமுற்றவருடையதாகவே இருக்க வேண்டும்.

பங்கேற்பை அளக்க, பாரி வில்லர் குழுவினர் 1993இல் வெளியிட்ட 15 கேள்விகள் கொண்ட வினாநிரல் பரவலாகப் பயன்படுகிறது. மாதத்தில் எத்தனை முறை நண்பர்களையோ உறவினர்களையோ பார்க்கப் போகிறீர்கள், மனம்விட்டுப் பேச நெருங்கிய நண்பர் உண்டா என்பவை அதில் அடங்கும். ஆனால் போய்வந்த இடத்தில் தமக்கு மதிப்பு இருந்ததாகக் காயமுற்றவர் உணர்ந்தாரா என்பதை அந்த வினாநிரலின் மதிப்பெண் காட்டாது. அதை அவரிடம் தனியே கேட்டறிய வேண்டும்.